காற்று டேங்கிலிருந்து ஆறடி

தஹேஜ், குஜராத்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் முடிந்து இங்கே வந்ததிலிருந்து எத்தனை முறை போன் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. நீ எடுப்பதில்லை. ஜீவா அண்ணிதான் எடுத்து, "அவரு குளிக்கிறாரு தமிழு" என்கிறார். காலையிலும் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய், ராத்திரி எட்டு மணிக்கும் குளிக்கிறாய். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். போனை எடுக்காமல் விடலாம். கடிதத்தைப் போஸ்ட்மேன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

கோபம் எதற்கென்று தெரியும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உனக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு தோல் கம்பெனிக்கு வந்தேன். பாய்லர் ரூம் வாசலில் நின்று மேலே பார்த்தேன். சேஃப்டி வால்வுக்குக் கீழே துருக்கறை நீளமாக வழிந்திருந்தது. நீராவிக் குழாயில் சூடு போகாமல் கட்டுகிற மேல்சுற்று இரண்டு இடத்தில் பிய்ந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்து உங்கள் முதலாளி நிசார் அஹமது பாய் வந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர். நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்படி ஒரு பாய்லர வச்சிக்கிட்டு ஆளுங்கள எப்படி பக்கத்துல விடுறீங்க? இத பாத்துக்கறது யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "உங்க அண்ணன்தாம்மா" என்றார்.

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நீ பொங்கல் டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். மறுநாள் பைபாஸில் என்னைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டபோதும் பையை மேலே வைத்தாய், இறங்கினாய், திரும்பிப் பார்க்காமல் போனாய்.

அண்ணா, நான் செய்தது தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தால் பாதித் தப்பு என்றுதான் வருகிறது. எல்லோர் முன்னாலும் கேட்டது தப்பு. கேட்டதே தப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே இந்த ரசாயனத் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான். அழுத்தத்தில் ஓடுகிற டேங்க், குழாய், பாய்லர் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் எது ஆபத்து என்று பார்த்து, அதை முதலில் சோதிக்கச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாதவர்களுக்காகத் தினமும் இதைச் செய்கிறேன். சொந்த அண்ணன் நாளெல்லாம் ஒரு பாய்லர் முன்னால் நிற்கும்போது வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

திட்டியாவது இரண்டு வரி எழுது.

தமிழினி


ஆம்பூர்
12 பிப்ரவரி 2025

தமிழினிக்கு,

கடிதம் வந்தது. பதில் போடாவிட்டால் சோறு கிடையாது என்று ஜீவா சொன்னதால் எழுதுகிறேன்.

நான் குளிக்கவில்லை. பேச இஷ்டமில்லை.

நீ பார்த்த துருக்கறை பழைய வால்வு ஒழுகிய கறை. அந்த வால்வை நவம்பரிலேயே கழற்றிப் புதுசு போட்டாயிற்று. கறையைத் துடைக்காதது என் சோம்பல், ஒப்புக்கொள்கிறேன். குழாயில் மேல்சுற்று பிய்ந்திருப்பதும் வாஸ்தவம். அதனால் விறகு ஜாஸ்தி செலவாகும், ஆள் சாகமாட்டான். வருஷா வருஷம் அரசாங்கத்திலிருந்து அதிகாரி வருகிறார். பாய்லரை ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். உள்ளே போகும் தண்ணீரை நான் தினமும் டெஸ்ட் செய்கிறேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூடத் தண்ணீர் மட்டம் குறிக்குக் கீழே இறங்கியதில்லை.

இதையெல்லாம் நீ என்னிடம் கேட்டிருக்கலாம். "அண்ணா, அது என்ன கறை" என்று ஒரு வார்த்தை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் கேட்டாய்.

நீ பஸ் ஏறிவிட்டாய். உனக்கு மிச்சம் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வாரம், தோல் ஊறுகிற டிரம்மை ஓட்டுகிற பசங்க என்னைக் கடந்து போகும்போதெல்லாம் "பாத்துக்கறது யாரு" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ரஷீத் பாய் ஒரு நாள் சத்தம் போட்ட பிறகுதான் நின்றது. ஜீவா அதே கம்பெனியில் தோல் ஓரம் வெட்டுகிற பிரிவில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குப் பிடித்த குழம்பு வைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

நீ பெரிய இடத்தில் வேலை செய்கிறாய். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையை அன்றைக்கு நீ என் தலையில் கொட்டிவிட்டாய்.

பாதித் தப்பு என்று எழுதியிருந்தாய். மீதிப் பாதியையும் யோசித்துப் பார்.

ஜீவா வடகம் அனுப்புகிறாள். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு நட.

சூரியபிரகாஷ்


தஹேஜ்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வடகம் வந்தது. பாதி நொறுங்கி வந்தது. நொறுங்கியதை முதலில் பொரித்துத் தின்றேன்.

பசங்க உன்னைக் கேலி செய்தது எனக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மீதிப் பாதியும் என் தப்புதான் அண்ணா. புது வால்வு போட்டிருப்பதை நான் பார்க்கவில்லை. கறையைத்தான் பார்த்தேன். இங்கே எனக்குக் கீழே வேலை செய்கிற ஒருவர் அப்படி ரிப்போர்ட் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் ஒன்று எழுதுகிறேன், கோபப்படாமல் படி. இது பாய்லரைப் பற்றி இல்லை.

நாங்கள் எல்லா டேங்கையும் ஒரே மாதிரி சோதிப்பதில்லை. அதற்கு ஆளும் பத்தாது, நாளும் பத்தாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்போம். இது கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? கெட்டுப்போனால் பக்கத்தில் யாருக்கு என்ன ஆகும்? ஒரே அளவு துருப்பிடித்த இரண்டு டேங்க் இருக்கிறதென்று வை. ஒன்று ஆள் போகாத மூலையில் நிற்கிறது. இன்னொன்று எல்லோரும் நடக்கிற வழியில் நிற்கிறது. துரு ஒன்றுதான், ஆபத்து ஒன்றில்லை. இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்து எது மேலே வருகிறதோ, அதற்குத்தான் முதலில் தகட்டின் கனம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு போவோம். பயம் காட்டுகிற சாமான் எப்போதும் மேலே வருவதில்லை. யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று மேலே வந்து உட்காரும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கோடு மட்டும் போட்டிருக்கிறேன், உள்ளே ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கம்பெனியில் அழுத்தத்தில் ஓடுவது எதெது, கடைசியாக உள்ளே பார்த்தது எப்போது, பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள். அவ்வளவுதான். நான் அன்றைக்குப் பத்து நிமிஷம் நின்று பாய்லருக்கு முதல் இடம் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் அங்கே இருப்பவன் எதற்குக் கொடுப்பாய் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு அனுப்ப வேண்டாம். இஷ்டமில்லை என்றால் தாளைச் சுருட்டி அடுப்பு பற்றவை.

தொப்பி போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

தமிழு


ஆம்பூர்
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள தமிழு,

தாளை எரிக்கலாம் என்றுதான் சட்டைப் பையில் வைத்தேன். ரஷீத் பாய் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். டீ குடித்துக்கொண்டே இரண்டு பேரும் எழுதினோம். எங்கள் கம்பெனியில் மொத்தம் ஒன்பது சாமான் இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் எண்ணிப் பார்த்ததில்லை.

பாய்லருக்கு முதல் கேள்வியில் வாய்ப்பு கம்மி என்று போட்டேன். இரண்டாவதில், பக்கத்தில் இருப்பது நானும் விறகு போடுகிறவரும், இரண்டு பேர். அப்படியே ஒவ்வொன்றாக வந்து, கம்ப்ரஷரின் காற்று டேங்கில் நின்றோம். தோலுக்கு ஸ்ப்ரேயில் கலர் அடிக்கிற மெஷினுக்கெல்லாம் அதிலிருந்துதான் காற்று போகிறது. எட்டு கிலோ பிரஷர். கட்டடத்துக்குப் பின்னால், காம்பவுண்டு சுவருக்கும் ஹால் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நிற்கிறது. பச்சை பெயின்ட் அடித்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியா உள்ள எப்ப பாத்தீங்க என்று பாயைக் கேட்டேன். ஃபைலில் வருஷா வருஷம் சர்டிபிகேட் இருக்கிறது என்றார். கையெழுத்துப் போடுகிறவர் என்ன பார்த்தார் என்று கேட்டேன். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பிரஷர் கேஜ பாப்பாரு. ஃபைல பாப்பாரு. போய்டுவாரு" என்றார்.

காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் டேங்க் அடியில் தண்ணீராகத் தேங்கும், அதைத் தினமும் திறந்து விட வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஷிஃப்டு ஆரம்பிக்கும் முன் காற்றை இறக்கிவிட்டு நாங்கள் போய்ப் பார்த்தோம். அடி வால்வு மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஸ்பானர் போட்டு இரண்டு பேரும் தொங்கிய பிறகு திறந்தது. டீ டிகாக்ஷன் மாதிரி இரண்டு பக்கெட் தண்ணீர் வந்தது. அடியில் துருச் சில்லுகள். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி உடைந்தன.

சரி, பக்கத்தில் எத்தனை பேர் என்று பாயைக் கேட்டேன். சந்துல யாரு இருக்கப் போறாங்க, சைபர் போடு என்றார். நானும் சைபர் போட்டுவிட்டேன். பிறகு மனசு கேட்காமல், மத்தியானம் ஒரு மணிக்கு விறகு போடுகிறவரிடம் சொல்லிவிட்டு நானே போய்ப் பார்த்தேன்.

பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள் தமிழு. ஓரம் வெட்டுகிற பிரிவுப் பெண்கள் எல்லோரும். முன்னால் சாப்பிடுகிற ஷெட் ஒன்று இருந்ததே, இரண்டு வருஷத்துக்கு முன் அதை இடித்துத்தான் ஸ்ப்ரே ஹாலைப் பெரிசாக்கினார்கள். அதிலிருந்து இவர்கள் சந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அங்கேதான் நிழல் இருக்கிறது. டேங்க் குழாயில் பைகளையும் புர்காவையும் மாட்டியிருந்தார்கள். வயசில் பெரியவள் ஜெயம்மாள் டேங்க் பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறடி தள்ளி, சுவரில் சாய்ந்துகொண்டு ஜீவா தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தாள். "இன்னா, இந்தப் பக்கம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னாடி உக்காந்து சாப்புடுறோம் என்று அவள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எந்தப் பின்னாடி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பாய்லரை விட்டு நகராமல் அங்கேயே சாப்பிடுகிறவன்.

பாய் உடனே பிரஷரை ஐந்துக்கு இறக்கினார். நான் பெண்களை வண்டி நிறுத்துகிற ஷெட்டுக்குப் போகச் சொன்னேன். ஜெயம்மாள் சண்டைக்கு வந்தாள். பொய் சொல்ல வரவில்லை. "டேங்க் கெட்டிருக்கலாம்மா. எனக்கு நிச்சயமா தெரியாது. தெரியற வரைக்கும் இங்க உக்காராதீங்க" என்றேன். அவள் சாப்பாட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

பிறகு முதலாளியிடம் போனேன். டேங்கை நிறுத்தி டெஸ்ட் போட வேண்டும் என்றேன். பேப்பர் எல்லாம் சரியா இருக்கே சூர்யா, பெருநாளுக்கு முன்னாடி சரக்கு கப்பல் ஏறணும், அப்புறம் பாக்கலாம் என்றார்.

இதையும் எழுதிவிடுகிறேன். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். ரூமில் ஆறு பேர் இருந்தார்கள். காத்திருக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகு உன் ஞாபகம் வந்தது.

உன் அண்ணன்
சூர்யா


தஹேஜ்
9 மார்ச் 2025

அண்ணா,

நேற்று நீ போனை எடுத்தாய். நான்தான் பேச முடியாமல் வைத்துவிட்டேன். அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தை நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தேன். எழுதினால் அழுதாலும் வரி நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேலை. டெஸ்ட் போட்டால் தண்ணீர் நிரப்பித்தான் போட வேண்டும். காற்றை அடைத்து ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நீ அங்கே நிற்காதே, யாரையும் நிற்கவிடாதே. தண்ணீர் அமுங்காது. தகடு கிழிந்தாலும் பீச்சியடித்துவிட்டு அடங்கிவிடும். காற்று அப்படி இல்லை. அத்தனையும் ஒரே நொடியில் விரியும், டேங்கே பறக்கும். உள்ளே ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் மேல் வால்வைத் திறந்துவைத்து நிரப்பச் சொல். பிரஷரை ஐந்துக்கு இறக்கியதும், ஆட்களை நகர்த்தியதும் நான் சொல்லாமலே செய்திருக்கிறாய். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் ஆட்களை நகர்த்துவது ரொம்ப நாள் நிற்காது. வெயில் ஏறினால் நிழலைத் தேடித் திரும்பி வருவார்கள்.

நான் நிசார் பாயிடம் பேசட்டுமா என்று நேற்று கேட்க நினைத்தேன். இப்போது கேட்கவில்லை. ஜனவரியில் நான் பேசியதற்கு அவர் சிரித்தார். நான் தப்பான சாமானைக் காட்டியிருந்தேன். பொங்கல் டப்பாவோடு பின் சந்து வரைக்கும் போயிருந்தால் முப்பதடி தூரம். போகவில்லை. பாய்லர் பெரிசாக இருந்தது, சத்தம் போட்டது, எனக்கு அதுதான் ஆபத்தாகத் தெரிந்தது. இத்தனைக்கும் நான் படித்து வந்திருக்கிறேன். நீ என் தாளை வைத்துக்கொண்டு நான் பார்க்காததைப் பார்த்துவிட்டாய். அதுவும் சைபர் என்று எழுதிய பிறகு மனசு கேட்காமல் எழுந்து போய்.

முழுசும் என் தப்பு அண்ணா. பாதி, மீதி எல்லாம் சேர்த்து.

தினமும் சாயங்காலம் ஒரு மெசேஜ் போடு. நல்லா இருக்கோம் என்று மட்டும் போட்டால் போதும்.

தமிழு


ஆம்பூர்
24 மார்ச் 2025

அன்புள்ள தமிழு,

நேற்று நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு நீ நாலு முறை கூப்பிட்டாய். பதட்டத்தில் ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. இப்போது முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியேதான் நடந்தது. பெண்கள் வண்டி ஷெட்டில் உட்கார்ந்தது பத்து நாள்தான். வெயிலில் பைக் சீட்டெல்லாம் வெடிக்கிறது என்று சூப்பர்வைசர்கள் வண்டிகளைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டார்கள். நோன்பும் ஆரம்பித்துவிட்டது. நோன்பு வைத்திருக்கிறவர்களுக்கு மத்தியானம் அரை மணி நேரம் சாய இடம் வேண்டும். புதன்கிழமை போய்ப் பார்க்கிறேன், எல்லோரும் சந்தில். ஜீவா மட்டும் வெளியே வெயிலில் நின்றுகொண்டு உள்ளே இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் வரவில்லை.

நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். இந்த முறை டேங்கைப் பற்றிப் பேசவில்லை. "பாய், அஞ்சு நிமிஷம் என்கூட வாங்க" என்றேன். அவருக்கும் நோன்பு, களைப்பாக இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்தச் சந்தில் பெண்கள் உட்காருகிறார்கள் என்பதால் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவரும் ஷெட்டை இடித்த பிறகு போனதில்லை. முனையிலேயே இருமிவிட்டு நின்றார். குழாயில் மாட்டியிருந்த பைகளைப் பார்த்தார். டேங்க் காலுக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலைக்கு வைத்து ஒருத்தி படுத்திருந்தாள்.

"நம்ம நசீமுன்னிசாவா அது?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அங்கே வேலை செய்கிறவள். அவர் டேங்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே ரஷீத் பாயைக் கூப்பிட்டு, "கம்ப்ரஷர ஆஃப் பண்ணு. ஞாயித்துக்கிழமை தண்ணி டெஸ்ட். அதுவரைக்கும் ஓட்டாத" என்றார். சரக்கு என்று ரஷீத் பாய் ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சரக்கு ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று அவரே போனில் யாரிடமோ சொல்வது பிறகு என் காதில் விழுந்தது.

நேற்று ராணிப்பேட்டையிலிருந்து டெஸ்ட் போடுகிறவர் கைப்பம்போடு வந்தார். சந்துக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினோம். அவர், நான், ரஷீத் பாய், முதலாளி, நாலு பேரும் ஹால் முனைக்குப் பின்னால் நின்றுகொண்டோம். கேஜை எட்டிப் பார்த்துக்கொண்டே பம்ப் அடித்தார். பன்னிரண்டு வரைக்கும் ஏற்ற வேண்டும். ஐந்தில் நிறுத்தினார், நின்றது. எட்டில் நிறுத்தினார். போன மாசம் வரைக்கும் தினமும் ஓடியது இந்த எட்டில்தான். நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டிவிட்டோமோ என்று. ஒன்பது. ஒன்பதரை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. கனமான துணியைக் கிழித்தது மாதிரி ஒரு சத்தம். அடியில், தகடு சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்துகொண்டது. தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. கேஜ் முள் சைபருக்கு விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சந்து முழுக்கச் சிவப்புத் தண்ணீர்.

போய்ப் பார்த்தோம். ஜீவா சாய்கிற இடத்தில் சுவரின் காரை ஒரு முழம் பெயர்ந்து கீழே கிடந்தது. அது தண்ணீர் அடித்தது. முதலாளி டெஸ்ட் போட்டவரிடம், காற்றாக இருந்திருந்தால் என்று கேட்டார். சுவரே இருக்காது என்றார் அவர். எட்டிலேயே ஓட்டியிருந்தால் இன்னும் எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்றும் முதலாளி கேட்டார். டெஸ்ட் போட்டவர் கிழிந்த இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தார். எட்டு மில்லிமீட்டர் தகடு, அந்த இடத்தில் இரண்டுகூட இல்லை. ரஷீத் பாய் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷமாக இந்த டேங்கைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் தோளில் கை வைத்தேன். வேறு என்ன செய்வது.

கிளம்பும்போது முதலாளி என்னிடம், இது உன் தங்கச்சி சொன்னதா என்று கேட்டார். "இல்ல பாய். அது பாய்லரத்தான் சொல்லிச்சு, அது தப்பு. எப்படி பாக்கணும்னு எழுதி அனுப்பிச்சு. பாத்தது நாங்க" என்றேன். உன்னைக் குறைத்துச் சொன்னேனா, கூட்டிச் சொன்னேனா என்று தெரியவில்லை. நடந்தது அதுதான்.

இன்று காலையில் வண்டி ஷெட் வாசலில் சங்கிலி போட்டுவிட்டார். பைக்கெல்லாம் இனி வெளியேதான். அவர் காரும் வெளியேதான் நிற்கிறது. மற்ற எட்டு சாமானையும் மீட்டர் வைத்துப் பார்க்க ஆள் வருகிறது. தாளை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரமா வச்சிக்கோ, மாசா மாசம் எனக்குக் காட்டு என்றார்.

வீட்டுக்கு வந்து ஜீவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் காரை பெயர்ந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன், அதையும் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "பாவம், ஜெயம்மாக்கா எப்பவும் எனக்கு முன்னாடிதான் உக்காரும்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மே மாசம் லீவு கிடைத்தால் வா. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன்.

அண்ணன்


தஹேஜ்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அண்ணிக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். நீ பிரித்துப் படிக்காதே. மே பத்தாம் தேதி காலையில் வருகிறேன், பத்து நாள் லீவு. ரஷீத் பாயை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. அவர் மேல் மட்டும் பழி விழாமல் பார்த்துக்கொள். கேஜைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் யாரோ, அவரைத்தான் கேட்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பற்றி.

எங்கள் தொழிற்சாலையில் மூவாயிரத்துக்கு மேல் சாமான்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் எதை முதலில் சோதிப்பது என்று கம்ப்யூட்டர் வரிசை போடுகிறது. மேற்கு ஓரத்தில் வரிசையாக ஆறு டேங்க் நிற்கின்றன. அங்கே ஆள் வேலை கிடையாது. அந்த ஆறுக்கும் சைபர் என்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட சைபர். நானும் மூன்று வருஷமாக அதை அப்படியே வைத்திருந்தேன். அதனால் அவை வரிசையில் ரொம்பக் கீழே கிடந்தன. அடுத்த சோதனைக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள், பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிடப் போகாமல் மேற்கு ஓரத்துக்கு நடந்தேன். தொப்பி போட்டுக்கொண்டுதான். இங்கே அந்த வெயிலில் பறவைகூடப் பறக்காது. ஆள் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

இருந்தார்கள் அண்ணா. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் ஆட்கள், குழாய்களுக்கு மேல்சுற்று கட்டுகிறவர்கள். அவர்களுடைய ஷெட்டில் மின்விசிறி ஓடி இரண்டு மாசம் ஆகிறதாம். டேங்குகளுக்கு அடியில் நிழலும் கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கிறது. அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்து, மேடம் புகார் எழுதப் போகிறீர்களா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, எண்ண வந்தேன் என்றேன். எண்ணினேன். இருபத்தேழு பேர்.

அங்கேயே அவர்களை எழுப்பி முன் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் ஏசி பயிற்சி அறையைத் திறந்துவிட்டேன். முதலில் தரை அழுக்காகும் என்று வாசலிலேயே நின்றார்கள். இப்போது ஒரு வாரமாக மத்தியானம் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய ஷெட்டுக்குப் புது விசிறிகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு டேங்கிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டோம். ஐந்து நன்றாக இருக்கிறது. ஒன்றில் தகடு தேய ஆரம்பித்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டோம். உங்கள் டேங்க் மாதிரி மோசம் இல்லை. ஆனால் நான்கு வருஷம் தாங்கியிருக்காது.

திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த ஆறு கட்டங்களிலும் சைபரை அழித்துவிட்டு இருபத்தேழு என்று போட்டதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது, மூன்று வருஷம் அந்தச் சைபரை வைத்திருந்தது நான்தான் என்பதையும் சொன்னேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெரிய மேனேஜர், எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது, எந்த கன்சல்டன்ட் என்று கேட்டார்.

எங்க அண்ணன் என்றேன். பெயர் சூரியபிரகாஷ், ஆம்பூரில் பத்தொன்பது வருஷமாக ஒரு பாய்லரைப் பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

தமிழு